துணிக்கடை வீட்டில் வழி சொன்ன நாள்

நாங்கள் ஒரு லயத்துக்குள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், நுழைந்தால் அங்கே பேச்சு நின்றுவிடும். சின்ன வயதில் அது மரியாதை என்று நினைத்தேன். பத்து வயதுக்குள் அது பயம் என்று விளங்கிவிட்டது. "பாட்டுக்கார வீட்டு ஆளுங்க வர்றாங்க, வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது.

இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அங்கேயும் சுற்றியுள்ள ஏழெட்டுத் தோட்டங்களிலும் யார் இறந்தாலும் எங்கள் வீட்டார் போய் வழி சொல்ல வேண்டும். உடலைத் தூக்குவதற்கு முன்னால் தப்புப் பறை அடித்து, இறந்தவரின் வம்சத்தைப் பாட்டாகச் சொல்வதற்குத்தான் அந்தப் பெயர். இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன், துறையூர்ப் பக்கம் இன்ன ஊரிலிருந்து மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்த கூட்டம், இன்ன கங்காணிக்குக் கீழே இன்ன தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள் என்று அது போகும். வந்த வழியைக் காதில் போட்டு அனுப்பாவிட்டால் உயிர் லயத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று குடும்பங்கள் அல்லாடிய காலத்தில், எத்தனையோ பேர் குடியுரிமைப் பத்திரத்தில் வேறு அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். செத்துப்போன பையனின் பெயரில் உயிரோடிருப்பவன் பதிந்துகொண்டான். அண்ணன் மகள் தம்பி மகளாக மாறினாள். கந்தோரில், தோட்ட அலுவலகத்தில், இருந்த கடதாசிக்கு அது தெரியாது. எங்கள் பாட்டுக்குத் தெரியும். அதனால் எங்களைக் கூப்பிடாமலும் இருக்க முடியாது, கூப்பிட்டுவிட்டு நிம்மதியாக உட்காரவும் முடியாது. சாவு வீட்டில் எங்களுக்கு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில்தான் சாக்கு விரிப்பார்கள், தேத்தண்ணிக்கு வேறு கோப்பை வரும். ஆனால் பாடத் தொடங்கியதும் உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாயையே பார்ப்பார்கள்.

பதினாறு வயதில் நான் பாட ஆரம்பித்தேன். அப்பாவுக்கு இளைப்பு வந்து நீளமாகப் பாட முடியாமல் போயிருந்தது. தம்பிக்கு அப்போது பதின்மூன்று. அவன் தப்பைத் தூக்கிக்கொண்டான். எங்கள் வேலை எப்படியோ பங்கு பிரிந்துவிட்டது. சொல் என்னுடையது, அடி அவனுடையது. நான் மூச்சு எடுக்க வேண்டிய இடம் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு அடி கூடப் போட்டு என்னைத் தாங்கிக்கொள்வான்.

எனக்கு இருபது வயதான போது ஹட்டனில் இருந்த ஓர் இசைக்குழுக்காரர் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தார். கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் சினிமாப் பாட்டுப் பாட ஒரு பெண் குரல் வேண்டும் என்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க புள்ள சாவு வீட்டுல பாடுறதுங்க. தெரிஞ்சிதான் வந்திருக்கீங்களா?"

"தெரியுங்க. அத நாங்க சொல்ல மாட்டோம்" என்றார் அவர்.

சொல்லத்தான் இல்லை. முதல் மேடையிலேயே அறிவிப்பாளர் என்னைக் "கொழும்பிலிருந்து வருகை தந்திருக்கும் இளம் பாடகி" என்றார். பளபளக்கும் சேலை கட்டிக்கொண்டு நின்ற எனக்குத் திக்கென்றது. முன் வரிசையில் இருந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் வழி சொல்லப் போயிருந்தேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டதா இல்லையா என்று பாட்டு முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடினேன். அவர் கடைசியில் கைதட்டினார். அந்தக் கைதட்டல் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனிதர்கள் மேல் முழுதாகவே நம்பிக்கை விட்டுப்போனது இரண்டு வருடம் கழித்து. கொழும்பில் நாடகம் ஒன்றை ஒலிநாடாவில் பதிகிறார்கள், அழுகைப் பாட்டு ஒன்று வேண்டுமாம் என்று இசைக்குழுக்காரர் என்னை அழைத்துப்போனார். கண்ணாடி அறைக்குள் விட்டு, "சும்மா ஒரு நாலு வரி பாடுங்க" என்றார்கள். என்னிடம் தயாராக எதுவும் இல்லை. முந்தின வாரம் எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் இறந்துபோன ஓர் இளைஞனுக்குச் சொன்ன வழியையே பாடிவிட்டேன், அவன் அப்பா, தாத்தா பெயர்களோடு. அருமை என்றார்கள். வந்துவிட்டேன்.

அந்த நாடகம் சிரிப்பு நாடகம். குடித்துவிட்டு வந்து செத்தவன் போலக் கிடக்கும் கணவன், பக்கத்தில் பொய்யாக அழும் மனைவி, பின்னால் என் குரல். அது பஸ்களில் ஓடியது, சலூன்களில் ஓடியது. அந்த இளைஞனின் தாய் ஒரு நாள் கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"எம் மகன வச்சி ஊரச் சிரிக்க வச்சிட்டியே" என்றாள். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டாள்.

எனக்குத் தெரியாது, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவள் பின்னாலேயே ஓடினேன். அவள் நிற்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் யார் இனிமையாகப் பேசினாலும், எதற்காக என்று முதலில் யோசிப்பது பழக்கமாகிவிட்டது. ஒலிப்பதிவு செய்ய வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். கையில் தொலைபேசியை நீட்டிக்கொண்டு சாவு வீட்டில் யாராவது நின்றால் பாட்டை நிறுத்திவிடுவேன். கலியாணம் பேசி வந்த இடத்தையும், என்னை மேடைக்கு அனுப்பிக் காசு பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று தட்டிவிட்டேன். அந்த மனிதர் நல்லவர் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். நான் தம்பி குடும்பத்துக்குப் பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்துவிட்டேன். நான் சந்தேகப்படாத ஒரே ஆள் தம்பி மட்டும்தான்.

அவன் மேலும் சந்தேகம் வந்தது பல வருடம் கழித்து, நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலமெல்லாம் முடிந்த அடுத்த வருடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் காம்பராவுக்கு உப்பு வாங்கப் போனேன். ஆணியில் ஒரு துணிக்கடைப் பை தொங்கியது. தலவாக்கலை கடைவீதியில் இருக்கும் பெரிய புடவைக் கடையின் பை. நாங்கள் உடுப்பு வாங்குவது நடைபாதையில். பையைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளே கனமாக ஏதோ இருந்தது. தம்பி மனைவியிடம் கேட்டேன்.

"அவருதான் கொண்டாந்தாரு அண்ணி. கைய வைக்காதன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். அவள் முகத்திலும் ஒரு மாதிரியான குழப்பம் இருந்தது.

அடுத்த வாரம் பை இல்லை. தம்பி ஞாயிறுகளில் காலையிலேயே கிளம்பித் தலவாக்கலைக்குப் போவதை அதன் பிறகுதான் கவனித்தேன். எங்கே என்று கேட்டால் "சும்மா டவுனுக்கு" என்பான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யாராவது சும்மா டவுனுக்குப் போவார்களா? அந்தக் கடை முதலாளி யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைவீதியில் எல்லோரும் அவர்களை மதுரைப் பக்கத்துப் பரம்பரை வியாபாரிகள் என்றுதான் நினைத்தார்கள். எங்கள் பாட்டில் அப்படி இல்லை. முதலாளியின் அப்பா எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்கில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். மனைவி இறந்ததும் சின்ன மகனைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய், ஒரு கடையில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாகத் துணி விற்று மேலே வந்தவர். மூத்த மகளை லயத்தில் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார். திரும்பிக் கூட்டிக்கொள்ளவே இல்லை. அந்த மகள் கொழுந்து பறித்தே கிழவியாகி, இன்னும் கீழ்க்கணக்கில் இருந்தார். நாங்கள் அவரைப் பெரியம்மா என்போம்.

அந்த வம்சத்தை மறைக்க அந்த வீட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. முதலாளியின் பேத்திக்குப் பெரிய இடத்தில் கலியாணம் பேசி முடித்திருக்கிறார்கள் என்று டவுனில் பேச்சு. முதலாளி படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றும் பேச்சு. எனக்கு எல்லாம் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிந்தது. வழியை மாற்றிப் பாடச் சொல்லித் தம்பியைப் பிடித்துவிட்டார்கள். துணி கொடுத்துப் பிடித்துவிட்டார்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வான், அந்தப் பொய்யைக் கேட்க வேண்டிவரும் என்று பயந்து கேட்காமல் இருந்தேன். தப்பு அடிக்கும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை எனக்கு ஒரு அழைப்பு வந்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், மிக மெதுவாக:

"முதலாளி தவறிட்டாரு. நீங்க வந்து வழி சொல்லணும். ஒரு மணிக்குள்ள வந்துருங்க."

"யாருங்க பேசுறது?"

தொடர்பு அறுந்துவிட்டது. வெளியே வந்தால், தம்பி இஸ்தோப்பில் வெள்ளைச் சட்டையோடு நின்றான். தோளில் தப்பு. நான் இன்னும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒனக்கு யாரு சொன்னது?" என்றேன்.

"தெரியும்" என்றான். "ஆட்டோ கீழ நிக்குது. வா."

இறக்கம் முழுவதும் அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. கடை மூடியிருந்தது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனோம். அங்கே நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஐயர் வந்திருந்தார், வாகனத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பைக் கண்டதும் வாசலில் நின்றவர்கள் முகம் மாறியது. நாங்கள் அந்த வீட்டுக்கு ஆகாதவர்கள் என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்தது.

மூத்த மகன் வேகமாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். அழுது வீங்கிய கண்கள். எங்களைக் கையோடு இழுக்காத குறையாகக் கடையின் பின்பக்கம், துணிக் கட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குள் கூட்டிப்போனார். பின்னாலேயே கடையில் வேலை செய்யும் இரண்டு பேர் வந்து கதவடியில் நின்றார்கள்.

"யாரும்மா ஒங்கள வரச் சொன்னது?"

"இங்கிருந்துதானுங்க கூப்பிட்டாங்க."

"இங்கிருந்தா? நாங்க யாரும் கூப்பிடல. உண்மையச் சொல்லுங்க, யாரு அனுப்பி விட்டது? எங்க வீட்ட அசிங்கப்படுத்தணும்னு யாரோ செஞ்ச வேல இது."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகன் நெற்றியைத் தடவிக்கொண்டார். குரலைத் தணித்தார். "சரி. வந்துட்டீங்க. தெருவே பாத்திருச்சி. இப்ப திருப்பி அனுப்புனா அதுவும் பேச்சாகும். பாடுறதுன்னா பாடுங்க. எங்க தாத்தா மதுரப் பக்கம் பொடவக் கட வச்சிருந்தவரு, அங்கயிருந்து வியாபாரத்துக்கு வந்தவருன்னு பாடுங்க. தோட்டம் கீட்டம்னு ஒரு வார்த்த வரக் கூடாது. அடுத்த மாசம் எம் புள்ளைக்குப் பரிசம் போடுறோம். மாப்பிள்ள வீட்டாரு வெளிய உக்காந்திருக்காங்க."

"சரிங்க" என்றான் தம்பி.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. எத்தனையோ வாரமாக வயிற்றில் கிடந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"சரியா? என்னாடா சரி? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு இங்கதான வந்த? ஆணியில தொங்குச்சே ஒரு பை, அது எதுக்குக் கெடச்சிச்சி? நம்ம அப்பா வாயால சொன்ன வழிய ஒரு துணிப் பைக்கு வித்துட்டியா?"

கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் இருவரும் எங்களை வெறித்துப் பார்த்தார்கள். தம்பி தலையை நிமிர்த்தினான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். அவன் கண்ணில் இருந்தது கோபம் மாதிரித் தெரியவில்லை. பஸ்ஸில் தெரியாத ஆள் காலை மிதித்தால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தான்.

"அக்கா, இப்ப வேணாம்" என்றான்.

"இப்பத்தான் வேணும்" என்றேன்.

அப்போது கதவடியில் ஒரு குரல். "நாந்தான் ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்."

முதலாளியின் மனைவி. எழுபது வயது அம்மா. மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் தொலைபேசியில் கேட்ட அதே மெதுவான குரல். கடைப் பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார். ஒரு துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். மகனைப் பார்த்துப் பேசினார், ஆனால் எங்களுக்கும் சேர்த்துத்தான் பேசினார்.

"மூணு மாசமா இந்தத் தம்பி ஞாயித்துக்கெழமைல வந்தாரு. ஒங்கப்பாதான் கூப்பிட்டு விட்டாரு. நீங்கள்லாம் கோயிலுக்குப் போற நேரத்துல வரச் சொல்லி, பக்கத்துல உக்கார வச்சி, அவங்க வழியச் சொல்லச் சொல்லிக் கேப்பாரு. அவங்க அம்மா பேரு அவருக்கே தெரியாதுப்பா. இந்தத் தம்பி சொல்லித்தான் தெரிஞ்சிக்கிட்டாரு. எழுவத்தி நாலு வயசுல அம்மா பேரக் கேட்டுட்டு அழுதாரு."

மகன் ஒரு துணிக் கட்டில் கையூன்றிக்கொண்டார்.

"அவங்க அக்கா ஒருத்தங்க மேல லயத்துல இருக்காங்க. அவங்களுக்கு ஒரு சேல குடுத்து விட்டாரு, இந்தத் தம்பி கையில. யாருக்கும் சொல்லாதீங்க, சொன்னா எம் புள்ளைங்களுக்குச் சங்கடம்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நான் செத்தா பாட்டுக்கார வீட்ட மட்டும் கூப்பிட்டுருன்னு எங்கிட்ட சொன்னாரு."

தம்பி பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிய போது அவன் தப்பைத் தோளிலிருந்து கழற்றித் துணிக் கட்டுகளின் மேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ பாடு" என்றான். "நான் அடிக்கல."

"சரிங்கன்னு சொன்னியேடா..." என்று இழுத்தேன்.

"எழவு வீட்டுல அவரோட சண்ட போடவா சொல்ற? அவரு சொன்னதுக்குச் சரின்னேன். பாடப் போறது நீ. நீ மாத்திப் பாட மாட்டன்னு எனக்குத் தெரியும். ஒனக்குத்தான் என்னையத் தெரியல."

அதற்குள் வெளியே சத்தம். சந்து வாசலில் ஒரு வயதான பெண்ணை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரியம்மா. இறங்கி வந்த அதே ஆட்டோவை மேலே திருப்பி அனுப்பி, அவரைக் கூட்டிவரத் தம்பிதான் ஏற்பாடு செய்திருந்தான். அடர் நீலத்தில் புதுச் சேலை, மடிப்புக் கலையாமல் இருந்தது. காலில் ரப்பர் செருப்பு, அதில் செம்மண். முதலாளி மனைவி எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார். இருவரும் ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

மகன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெரியம்மாவின் மூக்கும் நெற்றியும் அப்படியே முதலாளி. அதை மறைக்க எந்தப் பாட்டாலும் முடியாது. மகன் மெல்ல, "அம்மா, மாப்பிள்ள வீட்டுக்காரங்க..." என்றார்.

பெரியம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "பேத்திக்குப் பரிசமாய்யா?" என்று கேட்டார். மகன் தலையசைத்தார். அவர் என்னிடம் திரும்பினார். "அப்படின்னா என் பேர எடுக்காத தாயி. நான் எந் தம்பிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன். சின்னதுல என் முதுகுலதான் கெடப்பான்."

என் வாழ்க்கையில் நான் பாடாமல் விட்ட வழி கிடையாது, மாற்றிப் பாடிய வழியும் கிடையாது. ஒரு பக்கம் செத்தவர் கேட்டது, இன்னொரு பக்கம் உயிரோடிருப்பவர் கேட்டது. முதலாளி மனைவியிடம், "கதவ மூடிரலாங்களா?" என்றேன்.

நாதஸ்வரத்தை வெளியே வாசிக்கச் சொன்னார்கள். முதலாளியைக் கிடத்தியிருந்த அறையின் கதவைச் சாத்தினோம். உள்ளே அந்த அம்மா, பெரியம்மா, நான். தம்பி கதவோரம் நின்றான். மூத்த மகன் வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளேயே நின்றார்.

நான் மண்டியிட்டு, இறந்தவரின் காதருகே குனிந்து பாடினேன். அப்படி நான் பாடியதே இல்லை. எங்கள் பாட்டு மலைக்கு மலை கேட்க வேண்டிய பாட்டு. அன்று அது தாலாட்டு அளவுக்குத்தான் கேட்டது. தப்பு இல்லாமல் மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு இடத்தில் திணறி நின்றேன். நின்ற இடங்களில் தம்பியின் கை எங்காவது தட்டுமா என்று காத்திருந்தேன். தட்டவில்லை. காட்டு வழியைச் சொன்னேன், கங்காணியைச் சொன்னேன், கீழ்க்கணக்கைச் சொன்னேன், அம்மாவின் பெயரைச் சொன்னேன், முதுகில் சுமந்த அக்காவையும் சொன்னேன். பெயர் எடுக்காதே என்ற பெரியம்மா அதைக் கேட்டதும் இறந்த தன் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். மகன் சுவரில் சாய்ந்து நின்றவர், அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

வெளியே வந்தபோது இன்னொன்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நாற்காலியில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருடைய சித்தப்பாவுக்கு நான் வழி சொல்லியிருக்கிறேன். அன்று இவரும் லயத்து வாசலில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர்களும் பரம்பரை வியாபாரிகள் என்றுதான் சொல்லிப் பெண் கேட்டிருப்பார்கள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று அவர் என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தெரியாதவள் மாதிரி நடந்து போனேன். மூத்த மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பாரம் பாதி இறங்கியிருக்கும். ஆனால் அது அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியது என்று தோன்றியது. அடுத்த வருடம் கலியாணம் நடந்தது. நான் வயிற்றுப்பாட்டுக்கு அப்போதும் பாடிவந்த எங்கள் இசைக்குழுவைத்தான் கூப்பிட்டார்கள். நான் நாலு சினிமாப் பாட்டுப் பாடிவிட்டு வந்தேன். இரு வீட்டுக்காரர்களும் எனக்குச் சாப்பாடு போட அப்படிப் போட்டி போட்டார்கள்.

தம்பியிடம் அன்று மாலையே போய் நின்றேன். "நான் பேசுனது தப்புடா" என்றேன். அவன் தப்பின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ என்னான்னு கேட்டிருந்தா, சத்தியத்த மீறியாவது ஒங்கிட்ட சொல்லியிருப்பேன்" என்றான். "நீ கேக்கவே இல்ல. அத்தன பேருக்கு முன்னால தீர்ப்புச் சொல்லிட்ட."

கொழும்பில் என்னை ஏமாற்றியவர்களைப் பற்றி அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். அதற்குப் பிறகு எனக்கு யாரையும் நம்ப வரவில்லை என்றேன். "அவங்க செஞ்சதுக்கு நான் ஏன்க்கா கடன் கட்டணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அதன் பிறகு சாவு வீடுகளுக்கு அவன் தன் மச்சானோடு போய் அடித்தான். என்னைக் கூப்பிட்ட இடங்களுக்கு நான் வேறு ஆள் பிடித்துக்கொண்டேன். அவர்கள் நன்றாகத்தான் அடித்தார்கள். ஆனால் நான் எங்கே மூச்சு எடுப்பேன் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. அவன் பிள்ளைகள் என்னிடம்தான் சாப்பிடும், அவன் மனைவி என்னிடம்தான் பேசிக்கொண்டிருப்பாள். அவனும் என்னோடு பேசுவான். தண்ணி வந்துவிட்டதா, லயிட் பில் வந்ததா என்று கேட்பான். அதைத் தாண்டி ஒன்றும் பேசமாட்டான்.

ஒன்றே முக்கால் வருடம் அப்படிப் போனது. போன வைகாசியில் பெரியம்மா இறந்தார். முதலாளியின் மூத்த மகன் தன் வாகனத்திலேயே தோட்டத்துக்கு வந்தார். தன் தம்பிகளையும் கூட்டிவந்தார். கோடித் துணியை அவரே கையில் கொண்டுவந்தார். லயத்து ஆட்கள் ஒதுங்கி நின்று ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"சத்தமாப் பாடுங்க" என்றார். "எங்கப்பா பேரையும் சேத்துப் பாடுங்க. டவுன்ல கட வச்ச தம்பின்னு."

"மாப்பிள்ள வீட்டுல ஒண்ணும்..." என்று இழுத்தேன்.

"அவங்களும் சொல்லிட்டாங்க. எங்கள விடப் பெரிய தோட்டமாம்" என்றார். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் சாக்கில் உட்கார்ந்தேன். தப்புக்கு அன்று யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் இருந்தேன். பக்கத்தில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தம்பி. என்னைப் பார்க்காமல் தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தான். நான் தொடங்கினேன். முதல் மூச்சுக்கு அந்த இரண்டு அடி சரியான இடத்தில் வந்து விழுந்தது.

எல்லாம் முடிந்து ஏற்றத்தில் நடந்து வரும்போது கேட்டேன். "கோவம் போயிருச்சாடா?"

"அதான் அடிச்சேனே" என்றான்.

"பெரியம்மாவுக்காக அடிச்சியா, எனக்காக அடிச்சியா?"

அவன் இரண்டு எட்டு முன்னால் போய், ஏற்றத்தில் எனக்கு இளைத்ததைப் பார்த்துவிட்டு நின்றான். இப்போது நாங்கள் சேர்ந்துதான் போகிறோம். நல்ல நாட்களில் அது எனக்காகத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். சில நாட்களில் அவன் கையையே பார்த்துக்கொண்டு பாடுகிறேன். திரும்பக் கேட்க இன்னும் வாய் வரவில்லை.